பீடரில் ஏறிய யூனிட் எங்கே போனது? மின் விநியோக இழப்பைக் குறைக்க ஒரு கள வழிகாட்டி

மின் விநியோகம் நட்டத்தில் ஓடுகிறது என்றதும் வழக்கமாக மூன்று யோசனைகள் வரும்: கட்டணத்தை ஏற்றலாம், கடனை அரசு ஏற்கட்டும், தனியாரிடம் கொடுத்துவிடலாம். மூன்றும் நடந்து பார்த்தவைதான். மின்பகிர்மானக் கழகங்களின் கடனைச் சீரமைக்கும் மத்திய அரசின் உதய் திட்டத்தில் தமிழ்நாடு 2017 ஜனவரியில் சேர்ந்தபோது மின்பகிர்மானக் கழகத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு தன் கணக்கில் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகும் கடன் வளர்ந்தது. 2014க்குப் பிறகு கட்டணம் ஏறாமல் கிடந்து, 2022 செப்டம்பரில் ஒரேயடியாக ஏறியது. ஒடிசா 1999இலேயே விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுத்தது. அங்கே நிறுவனங்கள் மாறின, உரிமங்கள் ரத்தாயின. டெல்லி 2002இல் கொடுத்தது. அங்கே 50 சதவீதத்துக்கு மேல் இருந்த இழப்பு பின்னாளில் 10க்குக் கீழே வந்தது. உரிமையாளர் மாறியது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். டெல்லியில் ஏலமே 'ஆண்டுக்கு எத்தனை சதவீத இழப்பைக் குறைப்பாய்' என்ற கேள்வியின் மேல் நடந்தது. இழப்பை அளந்தால்தான் லாபம் என்ற கட்டாயம் முதல் நாளிலேயே இருந்தது.

அளப்பதற்கு ஏற்ற அலகு பீடர், அதாவது துணை மின்நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்குப் புறப்படும் லைன். மாநில அளவில் சொல்லப்படும் இழப்புச் சதவீதத்தை வைத்து லைன்மேனை எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய முடியாது. ஒரு பீடர், அதன் டிரான்ஸ்பார்மர்கள், அவற்றின் சர்வீஸ்கள் (வீடு, கடை போன்றவற்றின் இணைப்புகள்) என்று கணக்கு இறங்கினால்தான் முடியும். இங்கே சொல்வது ஒரு பிரிவு அலுவலகமோ கோட்டமோ தன் கையில் இருக்கும் ஆட்களை வைத்துச் செய்யக்கூடியது.

இழப்பின் விலை என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு யூனிட் 5 ரூபாய்க்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் இழந்தால் விற்கும் ஒவ்வொரு யூனிட்டின் கொள்முதல் விலையும் 6.25 ரூபாய் ஆகிவிடும். இழப்பு 12 சதவீதமானால் 5.68. கட்டணத்தைத் தொடாமலே யூனிட்டுக்கு 57 பைசா மிச்சம்.

எந்த சர்வீஸ் எந்த டிரான்ஸ்பார்மரில்?

எல்லோரும் தாண்டிப் போக நினைக்கும் வேலை இதுதான். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு சர்வீஸ் எண்ணுக்கும் எதிரே ஒரு டிரான்ஸ்பார்மர் எண் இருக்கும். அதை நம்பக் கூடாது. புது டிரான்ஸ்பார்மர் போட்டுப் பாதித் தெருவை மாற்றிக் கட்டியிருப்பார்கள். பதிவேடு பழைய நிலையிலேயே இருக்கும்.

துணை மின்நிலையத்திலிருந்து பீடரின் ஒற்றைக் கோட்டுப் படத்தை வாங்கிக்கொண்டு கம்பம் கம்பமாக நடந்து சரிபாருங்கள். ஒவ்வொரு டிரான்ஸ்பார்மருக்கும் ஒரு எண். அதை ஸ்ட்ரக்சரில் பெயின்ட்டால் எழுதுங்கள். பிறகு ஒரு டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொண்டு, அதன் எல்டி லைன் (வீடுகளுக்குப் போகும் தாழ்வழுத்த லைன்) எந்தக் கம்பத்தில் முடிகிறதோ அதுவரை போய், சர்வீஸ் எண், கம்ப எண், எந்த ஃபேஸ், மீட்டரின் வரிசை எண், இன்றைய ரீடிங் ஆகிய ஐந்தையும் குறியுங்கள். ஃபேஸைக் குறிக்காமல் விட்டால் லோடைச் சமன் செய்யும்போது இதே தெருவை மறுபடி நடக்க வேண்டியிருக்கும். புதைவடம் உள்ள இடத்தில் கண்ணால் தொடர முடியாது. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்திருக்கும் நாளில் டிரான்ஸ்பார்மர்களை ஒவ்வொன்றாக ஆன் செய்து, எந்த வீட்டில் மின்சாரம் வருகிறது என்று பார்த்துக் குறிப்பதே சுருக்கு வழி.

ஏபி சுவிட்ச் (லைனை இணைக்கவும் பிரிக்கவும் கம்பத்தில் வைக்கும் சுவிட்ச்) வழியாக ஒரு பீடரின் லோடை அடுத்த பீடருக்கு மாற்றும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. மாற்றிய தேதி, நேரம், திரும்பக் கொண்டுவந்த நேரம் மூன்றும் துணை மின்நிலையப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் கணக்கில் ஒரு பீடர் 40 சதவீத இழப்பைக் காட்டும், பக்கத்துப் பீடர் மைனஸில் போகும். மைனஸ் இழப்பு வந்தால் மகிழ வேண்டாம். வாங்கியதைவிட அதிகமாக யாரும் விற்க முடியாது. ஒன்று சர்வீஸ்கள் தவறான டிரான்ஸ்பார்மரின் பேரில் இருக்கின்றன, இல்லையென்றால் உள்ளே வரும் மின்சாரத்தை அளக்கும் மீட்டர் குறைவாகக் காட்டுகிறது.

அளக்கும் மீட்டரையே அளப்பது

பீடர் மீட்டரும் டிரான்ஸ்பார்மர் மீட்டரும் சிடி (பெரிய மின்னோட்டத்தை மீட்டர் தாங்கும் அளவுக்குச் சிறிதாக்கும் கருவி) வழியாக ஓடுகின்றன. இங்கே நடக்கும் பிழைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி அடையாளம் உண்டு.

சிடி விகிதம் 200/5 என்றால் பெருக்கும் எண் 40. பதிவேட்டில் 100/5 என்று இருந்தால் 20ஆல் பெருக்குவார்கள், டிரான்ஸ்பார்மர் பாதி மின்சாரமே வாங்கியதாகத் தெரியும். மூன்று சிடியில் ஒன்றைத் திருப்பிக் கட்டியிருந்தால், லோடு சமமாக இருக்கும் நிலையில், மீட்டர் உண்மையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் காட்டும். இரண்டு கூட்டும், ஒன்று கழிக்கும். ஒரு ஃபேஸின் பிடி (அதேபோல் வோல்டேஜைச் சிறிதாக்கும் கருவி) ஃபியூஸ் போயிருந்தால் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே போன மாதத்தைவிடச் சரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்து ஒரு பீடரின் ரீடிங் வந்தால், திருட்டு ஒழிந்துவிட்டது என்று எழுதும் முன் பிடி ஃபியூஸைப் பாருங்கள்.

சோதனைக்கு, ஒயரைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் டாங் டெஸ்டர் ஒன்று போதும். எல்டி பக்கம் ஆர் ஃபேஸில் 96 ஆம்பியர் ஓடுகிறது, சிடி 200/5 என்றால் மீட்டரின் திரையில் 2.4 ஆம்பியர் தெரிய வேண்டும். மீட்டரிலேயே விகிதம் ஏற்றியிருந்தால் 96. மூன்று ஃபேஸிலும் இதைச் செய்து, ஒவ்வொரு ஃபேஸின் கிலோவாட்டும் பிளஸ் குறியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆம்பியர் சரியாக இருந்து கிலோவாட் மைனஸில் இருந்தால் சிடி திரும்பியிருக்கிறது. கட்டிடக் கூரைகளில் சோலார் அதிகம் உள்ள தெருவில் நண்பகலில் மைனஸ் வருவது நியாயமானது. இந்தச் சோதனையை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தேதிச் சிக்கல். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. பாதிப் பேருக்கு ஒற்றை மாதத்தில், மீதிப் பேருக்கு இரட்டை மாதத்தில். பீடர் மீட்டரோ மாதம் முதல் தேதி நள்ளிரவு ரீடிங்கைச் சேமிக்கிறது. ஒரு மாத உள்வரவையும் ஒரு மாத பில்லையும் அப்படியே கழித்தால், கோடையில் இழப்பு தாறுமாறாக ஏறும், ஐப்பசி மழையில் தானாக இறங்கும். இரண்டுமே பொய். நகரும் 12 மாதக் கூட்டுத்தொகையை, அதாவது ஒவ்வொரு மாதமும் கடைசி 12 மாதத்தைக் கூட்டி வருவதை மட்டும் நம்புங்கள். அவசரமாக ஒரு டிரான்ஸ்பார்மரைப் பார்க்க வேண்டுமென்றால், அதன் கீழுள்ள எல்லா சர்வீஸுக்கும் ஒரே நாளில் ரீடிங் எடுத்து, சரியாக 7 நாள் கழித்து மறுபடி எடுங்கள். 120 சர்வீஸ் உள்ள டிரான்ஸ்பார்மருக்கு இரண்டு கணக்கீட்டாளர்களின் ஒரு காலைப் பொழுது போதும்.

கணக்கு

மொத்தத் தொழில்நுட்ப வணிக இழப்பு என்பது பில் போடாமல் போனது, வசூலாகாமல் போனது என்ற இரண்டு இழப்புகளின் கூட்டல் அல்ல. உள்ளே வந்தது 10,00,000 யூனிட், பில் போட்டது 8,20,000 என்றால் பில்லிங் திறன் 82 சதவீதம். பில் தொகை 50 லட்சம், வசூல் 47 லட்சம் என்றால் வசூல் திறன் 94. இரண்டையும் பெருக்கினால் 77.08. இழப்பு 22.92 சதவீதம். பழைய பாக்கி வசூலானதை இந்த மாத வசூலில் சேர்த்தால் திறன் 100ஐத் தாண்டும், இழப்பு குறைந்ததுபோல் தெரியும். மார்ச் மாதக் கணக்குகள் அழகாக இருப்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

டிரான்ஸ்பார்மர்களை வரிசைப்படுத்தும்போது சதவீதத்தைப் பார்க்காதீர்கள், இழந்த யூனிட்டைப் பாருங்கள். 3,000 யூனிட் வாங்கும் டிரான்ஸ்பார்மரில் 35 சதவீதம் போனால் 1,050 யூனிட். 40,000 வாங்குவதில் 14 சதவீதம் போனால் 5,600. ஆள் பற்றாக்குறை உள்ள அலுவலகம் போக வேண்டிய இடம் இரண்டாவது. கடைத்தெரு டிரான்ஸ்பார்மர்கள் ஒழுங்கானவை என்ற பேரில் தப்பித்துக்கொண்டே இருப்பதற்குக் காரணம் சதவீதப் பட்டியல்தான்.

தெருவில் தேடும் வரிசை

கொக்கி போடுகிறவரைத் தேடி முதலில் ஓட வேண்டாம். கண்ணில் படுவது அவர்தான், ஆனால் பெரும்பாலான யூனிட் சத்தமில்லாமல் போகும். முதலில் நின்றுபோன மீட்டர்கள், 'கதவு பூட்டு' என்று திரும்பத் திரும்பப் பதிவாகும் வீடுகள், ஓராண்டாக ஒரே மாதிரி சராசரி போடப்படும் சர்வீஸ்கள். அடுத்து, மூன்று ஃபேஸ் வாங்கி மாதம் 30 யூனிட் ஓடுபவை. அதற்கடுத்து, வீட்டுக் கட்டணத்தில் நடக்கும் கடைகள். இந்தப் பட்டியல் முழுவதையும் அலுவலகத்தில் உட்கார்ந்தே எடுத்துவிடலாம்.

சந்தேகமான ஒற்றை ஃபேஸ் மீட்டரைச் சோதிக்க 1,000 வாட் ஹீட்டர் ஒன்று வேண்டும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஹீட்டரை மட்டும் போடுங்கள். மீட்டர் முகப்பில் யூனிட்டுக்கு 3,200 துடிப்பு என்று அச்சிட்டிருந்தால், 1,000 வாட்டுக்கு அதன் சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு 53 முறை சிமிட்ட வேண்டும். 40 முறைதான் சிமிட்டினால் மீட்டரைக் கழற்றிவிடாதீர்கள். முதலில் வோல்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட்டுக்குச் செய்த ஹீட்டர், 200 வோல்ட்டில் 756 வாட் மட்டுமே இழுக்கும். அதற்கு 40 சிமிட்டல் சரியான கணக்கு. வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து பெருக்கிய வாட்டை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு சோதனை: ஃபேஸ், நியூட்ரல் இரண்டு ஒயரையும் சேர்த்து டாங் டெஸ்டரின் வாய்க்குள் விடுங்கள். போவதும் வருவதும் சமமென்றால் பூஜ்யம் காட்டும். 3 ஆம்பியர் காட்டினால் அந்த 3 ஆம்பியர் வேறு வழியில் போகிறது அல்லது வருகிறது. எர்த்தில் திரும்புகிறது, அல்லது பக்கத்து சர்வீஸின் நியூட்ரலில் கலந்திருக்கிறது. மாடிக்கும் கீழுக்கும் பொதுவாக இன்வெர்ட்டர் கட்டிய வீட்டில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் நியூட்ரல் கலந்திருக்கும். ஒயரிங்கைப் பார்க்காமல் திருட்டு என்று எழுதக் கூடாது.

எழுதும்போது பிரிவு எண் முக்கியம். மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவு, அனுமதியற்ற பயன்பாட்டுக்கு: வீட்டு இணைப்பில் கடை நடத்துவது போன்றவை. மதிப்பீடு இரு மடங்குக் கட்டணத்தில். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் 12 மாதம் வரை. 135 திருட்டுக்கு: மீட்டரைத் தவிர்ப்பது, லைனில் நேராக எடுப்பது. இரண்டையும் குழப்பி எழுதிய வழக்கு நிற்காது. தற்காலிக மதிப்பீட்டு ஆணையை முறைப்படி கையில் கொடுத்து, ஆட்சேபம் சொல்ல வாய்ப்புத் தராமல் போனாலும் அப்படித்தான்.

காசு செலவில்லாத தொழில்நுட்பக் குறைப்பு

புது லைன் கேட்டு எஸ்டிமேட் போடும் முன் ஃபேஸ் சமன். 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரின் எல்டி பக்க முழு லோடு 133 ஆம்பியர். மூன்று ஃபேஸிலும் 80 என்று ஓடினால் எந்தப் பிரச்சினையும் இல்லை. அதே 240 ஆம்பியர் 140, 60, 40 என்று பிரிந்தால் என்ன ஆகிறது? இழப்பு ஆம்பியரின் வர்க்கத்தோடு ஏறும். சமமாக இருக்கும்போது மூன்று கம்பியிலும் சேர்த்து 80 இன் வர்க்கம் மூன்று முறை, 19,200. சமமில்லாதபோது 19,600, 3,600, 1,600 சேர்ந்து 24,800. இதோடு நியூட்ரலில் ஏறக்குறைய 92 ஆம்பியர் ஓடும். அதன் பங்கு 8,400. மொத்தம் 33,200. விற்ற யூனிட் அதே அளவுதான், லைனில் எரிந்தது 73 சதவீதம் கூடுதல். நியூட்ரல் கம்பி மெலிந்ததாக இருந்தால் இன்னும் மோசம். அந்த 140 ஆம்பியர் ஃபேஸில்தான் ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கும், கடைசிக் கம்பத்து வீடுகளில் மிக்சி முனகும்.

சரிசெய்ய வேண்டியது மாலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையே மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் அளந்து, கனமான ஃபேஸிலிருந்து சில சர்வீஸ்களை லேசான ஃபேஸுக்கு மாற்றுவது. பகலில் அளந்து மாற்றினால் கடைகளை வைத்துச் சமன் செய்துவிட்டு வீடுகளைத் தவற விடுவீர்கள். ஏற்கனவே எடுத்த ஃபேஸ் குறிப்பு இங்கே பயன்படும். லைனின் கடைசியில் உள்ள சர்வீஸ்களை முதலில் மாற்றுங்கள்; டிரான்ஸ்பார்மரின் காலடியில் உள்ளதை மாற்றினால் டிரான்ஸ்பார்மர் சமனாகும், லைன் ஆகாது.

மோட்டார் அதிகமுள்ள பீடரில் கெப்பாசிட்டர் வைப்பது அடுத்த மலிவான வேலை. பவர் ஃபேக்டர் (வாங்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.80இலிருந்து 0.95 ஆனால் லைன் இழப்பு 29 சதவீதம் குறையும். 100 கிலோவாட் லோடுக்கு 42 கேவிஏஆர் அளவுள்ள கெப்பாசிட்டர் போதும். எப்போதும் ஆனில் இருக்கும் கெப்பாசிட்டரை இரவு லோடு இறங்கும் பீடரில் வைத்தால் வோல்டேஜ் ஏறும், ஆகவே நிரந்தரமாக வைப்பது குறைந்தபட்ச லோடுக்கு ஏற்ற அளவு மட்டுமே.

எல்டி லைன் நீளமாக இழுத்த கிராமங்களில் உயரழுத்த விநியோக முறை நல்ல பலன் தரும். 11 கேவி லைனை உள்ளே கொண்டுபோய் 16 அல்லது 25 கேவிஏ சிறு டிரான்ஸ்பார்மர்களை வைப்பது. 433 வோல்ட்டுக்குப் பதில் 11,000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 25இல் ஒரு பங்கு, அதே கம்பியில் இழப்பு 600இல் ஒரு பங்குக்கும் கீழே. கொக்கி போடவும் யாரும் துணிய மாட்டார்கள். ஆனால் காசு அதிகம், டிரான்ஸ்பார்மர் எண்ணிக்கை பெருகப் பெருகப் பராமரிப்பும் பெருகும். முந்தைய வேலைகளை முடித்த பிறகும் இழப்பு இறங்காத லைனுக்கு மட்டும் கேளுங்கள்.

எரியும் டிரான்ஸ்பார்மர்

நுகர்வோரின் கண்ணில் சேவை என்றால் மின்தடையும் லோ வோல்டேஜும்தான். அலுவலகத்தின் கண்ணில் அதே இரண்டும் பணம். ஃபியூஸில் சரியான அளவுக் கம்பி போடாமல் அலுமினிய இழைகளை முறுக்கிக் கட்டினால் ஃபியூஸ் போகாது, டிரான்ஸ்பார்மர் போகும். டிரான்ஸ்பார்மர் காற்று வாங்கும் வழியான பிரீதரில் உள்ள சிலிகா ஜெல் நீலமாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது. ஆயில் கசிவை அன்றே அடையுங்கள். நியூட்ரல், பாடி, லைட்னிங் அரெஸ்டர் மூன்றுக்கும் எர்த் தனித்தனியாக இருக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் எர்த் குழிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு வீட்டில் 300 வோல்ட்டைத் தாண்டும், பக்கத்து வீட்டில் 100 வோல்ட் இருக்கும். தெரு முழுக்க டிவியும் பிரிட்ஜும் போகும். கடைசிக் கம்பத்தில் 230 வோல்ட்டில் 6 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அதாவது 216க்குக் கீழே போனால், அது புகார் வரும் முன்பே உங்கள் பட்டியலில் இருக்க வேண்டும்.

மீட்டர் இல்லாத பம்ப்செட்

இந்தக் கணக்கின் பெரிய ஓட்டை விவசாயம். தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம். இணைப்புகள் 23 லட்சத்துக்கு மேல். பெரும்பாலானவற்றில் மீட்டர் இல்லாததால் பயன்பாடு மதிப்பீடுதான். எங்கே யூனிட் காணாமல் போனாலும் அதை 'விவசாயம்' என்ற தலைப்பில் எழுதிவிடும் ஆசை இங்கேதான் பிறக்கிறது. பிறகு மானியத் தொகையும் தவறு, இழப்புக் கணக்கும் தவறு, பழி விவசாயி தலையில்.

கிணற்றில் மீட்டர் வைக்க வந்தால் நாளை பில் வரும் என்ற பயம் நியாயமானது. அந்தச் சண்டைக்குப் போகாமலே அளக்க வழி உண்டு: பம்ப்செட் மட்டும் உள்ள டிரான்ஸ்பார்மர்களில் மீட்டர் வையுங்கள். 10 பம்ப், 50 எச்பி உள்ள டிரான்ஸ்பார்மர் மாதம் 4,500 யூனிட் வாங்கினால் எச்பிக்கு 90 யூனிட். அதில் எல்டி லைன் இழப்பைக் கழித்துவிட்டு மற்ற டிரான்ஸ்பார்மர்களுக்குப் பொருத்துங்கள். ஆற்றுப் பாசனம், கிணறு, ஆழ்துளை என்று மாதிரிகளைத் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் எண்ணை வாய்க்கால் ஊருக்குப் போட்டால் கணக்கு குட்டிச்சுவர். பதிவேட்டில் 5 எச்பி என்று இருக்கும் மோட்டார், நீர்மட்டம் இறங்கியதால் 7.5 ஆக மாறியிருக்கும். அதையும் டாங் டெஸ்டரில் பார்த்துவிடுங்கள். குஜராத் 2003க்கும் 2006க்கும் இடையே ஜோதிகிராம் திட்டத்தில் விவசாய பீடர்களையே ஊர் பீடர்களிலிருந்து பிரித்தது. செலவு அதிகம், ஆனால் கணக்கு தானாகப் பிரிந்துவிட்டது.

சரியான எண் கையில் இருந்தால்தான் மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவுக்குப் பல் இருக்கும். மாநில அரசு மானியம் அறிவித்தால் அந்தத் தொகையை முன்கூட்டியே தர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. மதிப்பீடு ஆட்டம் காணும்போது, தொகையும் தள்ளிப்போகும்.

வசூல்

வீடுகளின் பாக்கி எண்ணிக்கையில் பெரியது, தொகையில் சிறியது. உள்ளாட்சிகளின் குடிநீர் மோட்டார், தெருவிளக்கு, அரசு அலுவலகங்கள் ஆகியவற்றின் பாக்கி நேர்மாறு. இவற்றைத் தனித் தாளில் வைத்து, மாதந்தோறும் அந்தந்த அலுவலகத்தோடு ரீடிங்கையும் தொகையையும் ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பணம் உடனே வராது. ஆனால் நிதி ஒதுக்கீடு வரும் நாளில் 'கணக்கு ஒத்துவரவில்லை' என்ற சாக்கு இருக்காது. பயன்பாட்டில் இல்லாத தெருவிளக்கு சர்வீஸ்கள் இந்த ஒப்பீட்டில்தான் பிடிபடும்.

தனியார் பாக்கிக்கு அதே சட்டத்தின் 56ஆம் பிரிவு: 15 நாள் எழுத்து நோட்டீஸ், பிறகு துண்டிப்பு. தொடர்ந்து பாக்கி என்று பில்லில் காட்டாமல் விட்ட தொகையை இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பிரிவின் கீழ் வசூலிக்க முடியாது. துண்டித்த சர்வீஸை ஒரு வாரத்துக்குள் ஒரு முறை இரவில் போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் வந்திருக்கும்.

ஸ்மார்ட் மீட்டர் வருவதற்கு முன்

2021இல் தொடங்கிய மத்திய அரசின் மின்விநியோக மறுசீரமைப்புத் திட்டத்தில் நாடு முழுக்க 25 கோடி ஸ்மார்ட் மீட்டர் இலக்கு. எது எந்த டிரான்ஸ்பார்மரில் என்று தெரியாமல் மாட்டினால், 15 நிமிடத்துக்கு ஒரு முறை தவறான கணக்கு வரும், அவ்வளவுதான் மாற்றம். மாட்டும் அன்று பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கை நுகர்வோர் முன்னிலையில் படம் எடுத்து, சர்வீஸ் எண்ணோடு சேர்த்துப் பதியுங்கள். சிக்னல் எட்டாத அடித்தள மீட்டர் அறைகளை முன்பே பட்டியலிடுங்கள். ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரிலும் முதல் மாதம் சில வீடுகளில் பழைய மீட்டரையும் புதியதையும் தொடராக இணைத்து ஓட விடுங்கள். 'புது மீட்டர் வேகமாக ஓடுது' என்று யாராவது வந்தால், இரண்டு ரீடிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.